உலகப் பாடம் கற்ற உழவூர் மாணவர்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் நம்மை அணுகி, இளைஞர்க்குப் பயன் தரும் வகையில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் மேடைகளில் கேட்டு வருகின்றனர். ஆதலின், அதிகமாகப் பேசப்படாத ஒருவரை எடுத்துக்கொள்வது நலமெனக் கருதினோம். இந்தியக் குடியரசின் 10ஆவது தலைவராக விளங்கி, 2005ஆம் ஆண்டில் மறைந்த மேதகு கே. ஆர். நாராயணன் அவர்களே நாம் தேர்ந்துகொண்ட பெருமகனார் ஆவார்.

இத்தேர்வுக்கு ஒரு காரணம் உண்டு. அது நாம் இழைத்த தவறொன்றைப் பற்றியது. ஆசிரியர் செய்த தவற்றை மாணவர் அறிவதில் இழுக்கில்லை. ஆதலின் அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறிய நம் சமுதாய மாணவன் ஒருவன் நம்மைக் காண வந்தான். கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்க விரும்புவதாகவும், நாடுகளுக்கிடையே நிகழ்வனவற்றை அறிய ஆவல் உள்ளதாகவும் கூறினான். நாம் சற்றும் எண்ணிப் பாராமல் அவனை மறித்துவிட்டோம். அமெரிக்காவும் ரஷ்யாவும் என்ன செய்தால் நமக்கென்ன, அது பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் படிப்பு, வணிகவியல் படித்தால் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியேனும் பிழைக்கலாம் என்று அறிவுரை கூறினோம். அவனும் நம் சொல்லைத் தட்டாமல் அவ்வாறே படித்துத் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிக்கும் சேர்ந்தான். நாளடைவில் அவனுக்கிருந்த ஆவலும் வற்றிவிட்டது. தொலைக்காட்சியில் உலகச் செய்தி வந்தால் வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவதாக அவனே சிரித்துக்கொண்டு நம்மிடம் கூறியதுண்டு.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க அரசு இந்தியப் பொருள்களின் மீதான கூடுதல் இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி விதிக்கப்பட்டது. அம்மாணவன் பணியாற்றும் இடத்தில் ஆர்டர்கள் தடைப்பட்டன, ஓவர்டைம் நின்றது. ஒரு ஞாயிறு மாலை அவன் பொங்கலூருக்கு வந்து நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எங்கோ வாங்கிய எண்ணெய்க்காக நம் ஊர்த் தையல் எந்திரம் ஏன் நிற்க வேண்டும் என்று வினவினான். நம்மால் அவனுக்கு நிறைவான விடை கூற இயலவில்லை. அந்தப் படிப்பைப் படித்திருந்தால் தனக்கே தெரிந்திருக்குமே ஐயா என்று அவன் குறை கூறும் குரலின்றிச் சொன்னபோது, அச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர்தாம் நாராயணன் அவர்கள். அவரிடம் எவரேனும் நம்மைப்போல் அறிவுரை கூறியிருந்து, அவரும் அதனைக் கேட்டிருந்தால் இந்த நாடு எத்தகைய மனிதரை இழந்திருக்கும் என்று எண்ணினோம். அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

குடிசையில் பிறந்த குழந்தை

இன்றைய கேரள மாநிலத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உழவூர் என்பது ஒரு சிற்றூர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் கூரை வேய்ந்த குடிசையொன்றில், கொச்சேரில் இராமன் வைத்தியர், பாப்பியம்மா ஆகியோரின் ஏழு மக்களுள் நான்காமவராக நாராயணன் பிறந்தார். தந்தையார் மூலிகை மருத்துவம் அறிந்தவர். ஊரார் மதிப்பு அவருக்கிருந்தது. ஆயின் வீட்டில் செல்வம் இல்லை. குடும்பமோ தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தது.

அவருடைய பிறந்த நாளாகப் பதிவேடுகளில் காண்பது 1920ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள். ஆயின், பள்ளியில் சேர்க்கச் சென்ற உறவினர், உண்மை நாளை அறியாமையால் மனத்திற்குத் தோன்றிய ஒரு நாளைக் கூறிவிட்டார் என்பதும், அதுவே இறுதிவரை நிலைத்துவிட்டது என்பதும் வரலாறு. நம் ஊர் மூத்தோரின் பள்ளிச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இது வியப்பளிக்காது. ஜூன் திங்களில் பள்ளி திறக்கும் நாளை ஒட்டியே நம்மவருள் எத்தனை பேர் பிறந்ததாக எழுதப்பட்டுள்ளனர் என்பதைத் தலைமையாசிரியராகிய நாம் நன்கறிவோம். பிறந்த நாளைக் குறித்து வைக்கவும் வசதியற்ற வீட்டில் பிறந்த குழந்தை பின்னாளில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அமர்ந்தது என்பதை இங்கு மனத்திற் கொள்ளுங்கள்.

அவர் மழலையாய் இருந்தபோது அதே வட்டாரத்தில் உள்ள வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டில் அறப்போர் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறை புகுந்ததும் அப்போராட்டத்தில்தான். திருவிதாங்கூர் அரசு கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆணை 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளிவந்தது. அதாவது, நாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் அந்த மண்ணில் அவருக்குக் கோயிற் கதவு திறந்தது. பள்ளிக் கதவோ அதற்கு முன்பே பாதி திறந்திருந்தது. பாதி என்று நாம் கூறுவதன் காரணத்தைக் கேளுங்கள்.

வகுப்பறைக்கு வெளியே நின்ற மாணவர்

அவர் நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவை வயல் வரப்புகளின் வழியே நடந்து பள்ளி சென்றார். கட்டணம் செலுத்த இயலாத நாள்கள் பல. அந்நாள்களில் வகுப்பினுள் அமர அவருக்கு இடமில்லை. வகுப்பறைக்கு வெளியே நின்று, உள்ளே நடக்கும் பாடத்தைச் செவிவழியே கேட்டுக் கற்றார். நூல் வாங்கப் பணமில்லை. ஆஸ்துமா நோயால் வீட்டோடு தங்கிவிட்ட தமையனார் நீலகண்டன், பிற மாணவரிடம் பாடநூல்களை இரவல் பெற்று, அவற்றைக் கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார்.

அன்புக்குரிய இளைஞர்களே! இத்தமையனாரை நாம் மறத்தலாகாது. ஒரு வீட்டில் ஒருவர் படித்து மேலேறுவதற்குப் பின்னே, படிக்க இயலாத மற்றொருவரின் கை உழைத்திருக்கிறது. நம் வீடுகளிலும் தங்கையின் படிப்புக்காக நூற்பாலைக்குச் சென்ற அக்காள்மாரும், தம்பிக்காக விசைத்தறிப் பட்டறையில் இரவு ஷிப்டு பார்த்த அண்ணன்மாரும் உள்ளனர்.

குரவிலங்காட்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த நாராயணன், உதவித்தொகை பெற்றுக் கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்றார். அதன்பின் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தை எடுத்துப் படித்து, 1943ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அந்தச் சமஸ்தானத்தில் தாழ்த்தப்பட்டோருள் முதல் வகுப்பில் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

இங்குச் சற்று நின்று நோக்குவோம். அந்நாளில் அவருடைய நாட்டமெல்லாம் இலக்கியத்தின் மீதே இருந்தது. உலக அரசியலைக் கற்க வேண்டும் என்ற நோக்குடன் அவர் கல்லூரியிற் புகவில்லை. ஆங்கிலக் கவிஞரையும் நாடக ஆசிரியரையும் கற்று, அவற்றைப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராக வாழ்வதே அத்தகைய மாணவர்க்கு இயல்பான பாதை. ஆயின் முதலிடம் பெற்ற அவருக்குச் சொந்தச் சமஸ்தானத்தில் விரிவுரையாளர் பணி கிட்டவில்லை. தகுதி முழுமையாக இருந்தது. பிறப்பு குறுக்கே நின்றது.

இலக்கியத்திலிருந்து அரசியலுக்கு

குடும்பமோ கடும் வறுமையில் இருந்தது. அவர் தில்லிக்குப் புறப்பட்டார். 1944, 1945 ஆண்டுகளில் தி இந்து, தி டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆகிய நாளேடுகளில் பணியாற்றினார். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், எவரும் ஏவாமல் தாமே முயன்று, பம்பாயில் காந்தியடிகளைக் கண்டு வினாக்கள் எழுப்பி விடை பெற்றார்.

அந்த ஆண்டு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிவுற்றது. ஜப்பானின் இரு நகரங்கள் அணுகுண்டால் அழிந்தன. அக்டோபர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் அமைப்பு உருப்பெற்றது. இந்தியாவின் விடுதலையும் இலண்டன் மாநகரில் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்ததாக இருந்தது. நாளேட்டு அலுவலகத்தில் பணிபுரிந்த இளைஞர்க்கு, ஒரு நாட்டில் எடுக்கும் முடிவு மற்றொரு நாட்டின் குடிசையை எட்டுகிறது என்ற உண்மை நாள்தோறும் கண்முன் தோன்றியிருக்கும். இலக்கியம் மனிதத் துயரை உணர்த்துகிறது. அத்துயர் எவருடைய ஆணையால் விளைகிறது, எந்தச் சட்டத்தால் நீங்கும் என்பதை அரசியல் கல்வி உணர்த்துகிறது. இக்கருத்தே அவரைப் புதிய படிப்பின்பால் திருப்பியது என்று நாம் கருதுகிறோம்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லப் பொருள் வேண்டுமே! தொழிலதிபர் ஜே. ஆர். டி. டாட்டா அவர்களின் உதவித்தொகை அவருக்குக் கிட்டியது. 1945ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியல் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டில் சேர்ந்து, இடையில் பொருளின்மையால் தாயகம் திரும்பி, மீண்டும் சென்று 1923ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியின் வழியாகத்தான் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அங்கு ஹெரால்டு லாஸ்கி என்னும் பேரறிஞரிடம் நாராயணன் அரசியல் அறிவியல் பயின்றார். கார்ல் பாப்பர், லயனல் ராபின்ஸ், ஃபிரடெரிக் ஹாயெக் போன்றோரின் வகுப்புகளிலும் அமர்ந்தார். இவர்கள் ஒருவரோடொருவர் கருத்து மாறுபட்டவர்கள். அரசு மக்கள் வாழ்வைத் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பது லாஸ்கியின் நெறி. அரசின் கை நீளுமிடத்து உரிமை குறையும் என்பது ஹாயெக்கின் நெறி. இருவரையும் ஒரே கூரையின்கீழ்க் கேட்டு, இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும் பயிற்சி அம்மாணவர்க்கு வாய்த்தது. வெளியே நின்று பாடம் கேட்டவர் இங்கு முன்வரிசையில் அமர்ந்து கேட்டார்.

வகுப்பறைக்கு வெளியேயும் கல்வி தொடர்ந்தது. வி. கே. கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக் அமைப்பில், பின்னாளில் பொருளியல் மேதையாகத் திகழ்ந்த கே. என். ராஜ் அவர்களோடு சேர்ந்து இந்திய விடுதலைக்காகப் பணியாற்றினார். மொரீஷியசிலிருந்து வந்த தமிழ் வழியினரான வீராசாமி ரிங்காடு அவருடன் ஒரே விடுதியில் தங்கியிருந்தார். அந்த ரிங்காடுவே 1992ஆம் ஆண்டில் மொரீஷியஸ் குடியரசின் முதல் தலைவரானார். கரும்புத் தோட்டத்திற்குக் கூலிகளாகக் கப்பலேறிய மக்களின் வழியில் வந்தவரும், உழவூர்க் குடிசையில் பிறந்தவரும் ஒரே கூரையின்கீழ் உறைந்து, பின்னர் இருவேறு நாடுகளின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தனர்.

அக்காலத்தில் உலக அரங்கில் நிகழ்ந்த ஒன்றையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்திய வழியினர் நிறத்தின் பெயரால் இழிவுறுத்தப்படுவதை 1946ஆம் ஆண்டில் இந்தியா ஐ.நா. பொதுப் பேரவையில் முறையிட்டது. ஒரு நாட்டினுள் மனிதரை மனிதர் இழிவு செய்வது உலகோர் அனைவரும் கேட்கத்தக்க செய்தியே என்ற கருத்து அதன்வழி வலுப்பெற்றது. பிறப்பால் இழிவுக்கு ஆளான ஒரு மாணவர், உலக அரசியல் தமக்குத் தொடர்பற்ற படிப்பன்று என்பதை உணர்வதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுமோ?

கதவருகே கொடுத்த கடிதம்

1948ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். லாஸ்கி, பிரதமர் நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். நேருவைக் கண்ட நாராயணன் அக்கடிதத்தை முதலில் நீட்டவில்லை. இலண்டனைப் பற்றியும் பொதுவான செய்திகளைப் பற்றியும் உரையாடிவிட்டு, விடைபெறும் வேளையில்தான் அதனைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். உடனே கடிதத்தைப் படித்துவிட்ட நேரு, அவரைத் திரும்ப அழைத்து, இதனை முன்னரே ஏன் தரவில்லை என்று வினவினார். விடைபெறும்போது தருவதே போதுமெனக் கருதியதாக நாராயணன் விடை பகர்ந்தார். பரிந்துரையை முன்னே நிறுத்தாமல் தம்மை முன்னே நிறுத்திய அப்பண்பு நம் இளைஞர்க்கு ஒரு பாடமாகும். நேருவின் விருப்பப்படி 1949ஆம் ஆண்டில் அவர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

ரங்கூன், டோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனோய் ஆகிய நகரங்களில் அவர் பணியாற்றினார். ரங்கூனில் கண்டு விரும்பிய மா டின்ட் டின்ட் என்னும் பர்மிய நங்கையை 1951ஆம் ஆண்டில் தில்லியில் மணந்தார். வெளியுறவுப் பணியினர் அயல்நாட்டவரை மணத்தல் விதிக்கு மாறாதலின் நேருவின் தனி இசைவு தேவைப்பட்டது. உஷா என்று பெயர் பூண்ட அவ்வம்மையார் இறுதிவரை அவருக்கு உற்ற துணையாயிருந்தார். 1954ஆம் ஆண்டில் தில்லிப் பொருளியல் பள்ளியில் நாராயணன் பாடமும் கற்பித்தார். சொந்த மண் மறுத்த ஆசிரியப் பணி தலைநகரில் அவரைத் தேடி வந்தது.

தாய்லாந்துக்கும் துருக்கிக்கும் தூதராக இருந்த பின்னர், 1976ஆம் ஆண்டில் அவர் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். இதன் அருமையை விளக்குதல் வேண்டும். இரு நாடுகளின் உறவு கெடும்போது தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள இளைய அதிகாரி ஒருவரை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். உறவினர் வீட்டோடு பேச்சு நின்ற பின்பும், நல்லது கெட்டதுக்குச் சொல்லியனுப்ப ஓர் ஆளை மட்டும் வைத்திருப்பது போன்றது அது. 1962ஆம் ஆண்டுப் போரை ஒட்டி இந்தியா, சீனம் இடையே அந்நிலை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்தது. அந்த இடைவெளிக்குப் பின் முதல் தூதராகச் சென்றவர் நாராயணன். அவர் பெய்ஜிங்கில் இருந்தபோதுதான் மாவோ மறைந்தார். சீனம் புதிய பாதையில் திரும்பலாயிற்று. இரு பெரும் நாடுகளின் பகையைத் தணிக்கும் பணி, தெருவில் நடக்கவும் தடையிருந்த சமூகத்தில் பிறந்தவரின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

1978ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அவர், 1979, 1980 ஆண்டுகளில் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். பன்னாட்டு உறவுகளைக் கற்பிப்பதற்கென்றே தனிப்பள்ளி அங்கு உள்ளது. அதன்பின் 1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் இந்தியத் தூதர். 1982ஆம் ஆண்டில் பிரதமர் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்றபோது அங்குத் தூதராக இருந்தவர் இவரே.

உலகைக் கற்றவர் ஊரை மறக்கவில்லை

1984ஆம் ஆண்டில் அவர் தேர்தலில் நின்றார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள ஒற்றப்பாலம் தனித்தொகுதி மக்கள் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை மக்களவைக்கு அனுப்பினர். திட்டம், வெளியுறவு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இணையமைச்சராகப் பணியாற்றி, 1992ஆம் ஆண்டில் குடியரசுத் துணைத்தலைவரானார். 1997ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், நாடு விடுதலைப் பொன்விழாக் கொண்டாடிய ஆண்டில், இந்தியக் குடியரசின் தலைவராகப் பொறுப்பேற்றார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அவ்விருக்கைக்கு வந்த முதல்வர் அவர்.

அப்பதவி வெறும் கையொப்பமிடும் பதவி என்போர் உண்டு. 1997ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச அரசையும், 1998ஆம் ஆண்டில் பீகார் அரசையும் நீக்கக் கோரி மத்திய அமைச்சரவை அனுப்பிய பரிந்துரைகளை அவர் மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பினார். முன்னது ஒரு கட்சியின் ஆட்சி. பின்னது வேறொரு கட்சியின் ஆட்சி. அவர் நோக்கியது அரசியலமைப்பை மட்டுமே. 1998ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் வாக்களிக்கும் வழக்கமில்லை என்ற மரபை விடுத்து, வாக்குச்சாவடியில் வரிசையில் நின்று வாக்களித்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பில், நலிந்த பிரிவினருள் தகுதியுடையோரையும் கருதவேண்டும் என்று குறிப்பெழுதினார். உலக அரசியலைக் கற்றதால் அவர் சொந்த மக்களைவிட்டு விலகவில்லை. அவர்களுக்காக எங்கே, எப்போது, எந்தச் சொல்லால் பேச வேண்டும் என்பதை அக்கல்வி அவருக்கு உணர்த்தியிருந்தது.

2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கத் தலைவர் கிளிண்டன் தில்லிக்கு வந்தபோது நிகழ்ந்த விருந்தில், உலகம் ஒரு சிற்றூராகச் சுருங்கிவிட்டதெனினும், அச்சிற்றூரை ஒரே நாட்டாண்மைக்காரர் ஆளலாகாது, பஞ்சாயத்தே ஆளவேண்டும் என்னும் கருத்தை அவர் நாகரிகமாக எடுத்துரைத்தார். நாட்டாண்மை என்றால் என்ன என்பதை நூலில் படித்தா அவர் அறிந்தார்? ஊரின் ஒதுக்குப்புறத்தில் பிறந்தவர்க்கு அது பட்டறிவு. அந்தப் பட்டறிவோடு படிப்பறிவும் சேர்ந்தமையால்தான், வல்லரசின் தலைவர் முன்னிலையில் அச்சொல் அச்சமின்றி எழுந்தது.

2002ஆம் ஆண்டில் பதவிக்காலம் முடிந்து, 2005ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் தில்லியில் அவர் இயற்கை எய்தினார்.

நமக்குரிய பாடம்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பன்னாட்டு அரசியலுக்கும் பொங்கலூருக்கும் என்ன தொடர்பு?

நம் வயல்களுக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் வரும் நீர், மழையால் மட்டும் வருவதன்று. தமிழ்நாடும் கேரளமும் 1970ஆம் ஆண்டில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தாலும் வருகிறது. அது இரு மாநிலங்களுக்கிடையே ஆனது. நாடுகளுக்கிடையே ஆனதைப் பார்ப்போம். வளர்ந்த நாடுகள் இன்ன நாட்டிலிருந்து இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று வரம்பிட்டிருந்த பன்னாட்டு இழை ஏற்பாடு 1974ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வழி வந்த வரம்புகள் 2005ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் முடிவுற்றன. திருப்பூர்ப் பின்னலாடை உலகச் சந்தையில் தடையின்றிப் போட்டியிட வாயில் திறந்தது அன்றுதான். அந்த முடிவு எடுக்கப்பட்டதும் உலக வணிகப் பேச்சுவார்த்தை மேசையில்தான். 2025ஆம் ஆண்டு வரி உயர்வை முன்னரே கூறினோம். ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணின் வாரக் கூலியில், அவள் கண்டறியாத நகரங்களில் எடுத்த முடிவுகள் கலந்துள்ளன.

மற்றொன்றும் உண்டு. 2001ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. சார்பில் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடைபெற்றபோது, சாதிக்கொடுமையை அங்குப் பேச வேண்டும் என்று இந்தியத் தாழ்த்தப்பட்டோர் அமைப்புகள் குரல் எழுப்பின. அது உள்நாட்டுச் செய்தி என்று இந்திய அரசு மறுத்தது. அடுத்த ஆண்டு, இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, பிறப்பு வழிப்பட்ட பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அறிவித்தது. எவர் கூற்று சரி என்று இளைஞர்கள் தாமே படித்துத் தேர்ந்து கொள்ளட்டும். ஆயின், உடன்படிக்கை என்றால் என்ன, குழு எவ்வாறு இயங்குகிறது என்று கற்றவர்களே அந்த அவையில் நம்மைப் பற்றிப் பேச முடிந்தது என்பதை மட்டும் கூற விரும்புகிறோம். நம்மைப் பற்றிய பேச்சு நாம் அறியாத மொழியில் நடக்குமாயின், அம்மொழியைக் கற்பதே நம் கடன்.

எல்லோரும் தூதராக முடியாது என்பதை நாம் அறியாதவரல்லேம். பிழைப்புக்கு உதவும் படிப்பை இகழ்வதும் நம் நோக்கமன்று. வீட்டில் அரிசி வேண்டும். அதற்குக் கூலி வேண்டும். நாராயணனாரும் வறுமை தாங்காமல்தான் தில்லிக்குச் சென்று வேலையில் அமர்ந்தார். ஆயினும், ஒரு பாடத்தைக் குறித்து இது நமக்கானதன்று என்று பிறர் கூறுவது போதாதென்று, நாமே நம் பிள்ளைகளுக்குக் கூறுவது பெரும் பிழை. வெளியே நின்று பாடம் கேட்ட காலம் போய்விட்டது. இப்போது நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது பல வேளைகளில் நம் வாய்ச்சொல்லே. அப்பிழையைச் செய்தவர் என்ற முறையில் இதனைக் கூறுகிறோம்.

வழிகளும் இல்லாமல் இல்லை. தாழ்த்தப்பட்ட மாணவர் அயல்நாடு சென்று உயர்கல்வி பெற மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் உள்ளது. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிட மாணவர்க்கு இவ்வகையில் உதவுகிறது. வெளியுறவுப் பணிக்குரிய குடிமைப் பணித் தேர்வில் பன்னாட்டு உறவுகளும் ஒரு பகுதியாகும். இவற்றுள் எதனையும் நாடாதவரும், நாளேட்டின் உலகச் செய்திப் பக்கத்தை நாள்தோறும் கால்மணி நேரம் படித்து, ஊர்ப் பெயர்களை நிலப்படத்தில் தேடிப் பார்க்கலாம். அதற்கெனச் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் உலகப் படமொன்றை இவ்வெள்ளி விழா நினைவாக மாட்டித் தருவதாக நாம் ஒப்புக்கொண்டுள்ளோம்.

நம் மாணவனைப் பற்றிக் கூறி முடிக்கிறோம். நாராயணனாரின் வரலாற்றை ஒரு ஞாயிறன்று படிப்பகத்தில் எடுத்துரைத்தபோது அவனும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டான். கூட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்து, இலக்கியம் படித்தவர் 25 வயதில் வேறு படிப்பைத் தொடங்கினார் என்றால், வணிகவியல் படித்தவன் 30 வயதில் தொடங்கலாகாதா என்று வினவினான். இம்முறை நாம் மறிக்கவில்லை. தொலைநிலைக் கல்வி வழியாக அரசியல் அறிவியல் முதுகலையில் அவன் இப்போது சேர்ந்துள்ளான். இரவு ஷிப்டு முடிந்து படிப்பது எளிதன்று. இடையில் சோர்வும் வரலாம். ஆயினும் உலகச் செய்தி வந்தால் இப்போது தொலைக்காட்சியை அவன் மாற்றுவதில்லை. பிழைப்பு முடிந்த பின்பு படிக்க வேண்டிய பாடமாக அதனை அவன் இப்போது கருதவில்லை. பிழைப்பை அறிவதற்கே அது வேண்டும் என்கிறான்.

அவனுக்கு நாம் கூற வேண்டிய மன்னிப்பை இம்மலரின் வாயிலாகக் கூறிக்கொள்கிறோம். மற்றப் பெற்றோரும் ஆசிரியரும் நம் பிழையைச் செய்யாதிருப்பார்களாக. உழவூரில் வகுப்பறைக்கு வெளியே நின்ற சிறுவனை நெஞ்சில் நிறுத்தி, நம் பிள்ளைகள் விரும்பும் எந்த வகுப்பறைக்குள்ளும் தலைநிமிர்ந்து செல்வார்களாக.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!